புது வெண்டரைச் சோதிக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது?

தமிழ்நாட்டில் முப்பது, நாற்பது கிளைகள் உள்ள ஒரு நிதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாகனக் கடன், சிறு வியாபாரக் கடன், கொஞ்சம் மைக்ரோ ஃபைனான்ஸ். மொத்தச் சொத்து ஆயிரம் கோடிக்குக் கீழே என்பதால் ரிசர்வ் வங்கியின் அடுக்குமுறையில் பேஸ் லேயர், அதாவது கீழ் அடுக்கு. இந்த வருடம் அதற்கு மூன்று புது வெண்டர்கள் வேண்டும். தவணை தவறியவர்களிடம் வசூலிக்க ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சி, கடன் கணக்குகளை நடத்த ஒரு மென்பொருள் நிறுவனம், அசல் பத்திரங்களையும் ஆர்சி புத்தகங்களையும் வைத்துப் பாதுகாக்க ஒரு ஆவணக் கிடங்கு.

ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் இவர்களை யார் சோதிப்பது? நம் ஆட்களே போய்ப் பார்க்கலாம். பின்னணியை ஆராய்ந்து சொல்லும் டியூ டிலிஜன்ஸ் ஏஜென்சிக்குப் பணம் கட்டி அறிக்கை வாங்கலாம். வெண்டர்கள் காட்டும் ஐஎஸ்ஓ, எஸ்ஓசி போன்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ்களையும் தணிக்கை அறிக்கைகளையும் ஏற்றுக்கொள்ளலாம். நம்மைப் போன்ற இன்னொரு ஃபைனான்ஸ் கம்பெனி ஏற்கெனவே இவர்களை வைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் எடுக்கலாம். சின்ன அளவில் வேலை கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நடைமுறையில் எல்லாம் கலந்துதான் நடக்கும். ஆனாலும் ஆளும் பணமும் அளவாக இருக்கும் இடத்தில் எதற்கு முதலிடம் என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெண்டர் எதைத் தொடப் போகிறார் என்பதைப் பொறுத்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் வாசலுக்குப் போகிறவரைக் காகிதத்தை வைத்துச் சோதிக்க முடியாது, நாமே போய்ப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் டேட்டாவைத் தொடுகிறவரைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியாது, அங்கே காகிதத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பல நிறுவனங்களில் இது தலைகீழாக நடக்கிறது. மென்பொருள் கம்பெனியின் அலுவலகத்துக்கு நாலு பேர் போய் மதியச் சாப்பாடு முடித்துத் திரும்புகிறார்கள். கலெக்‌ஷன் ஏஜென்சியிடம் பான் கார்டு, ஜிஎஸ்டி நகல், கேன்சல் செய்த செக் வாங்கி ஃபைலில் வைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பொறுப்பு கை மாறுவதில்லை

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு விஷயம் மாறாது. வெளியாளிடம் வேலையை ஒப்படைப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் நிதி நிறுவனங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது என்பது அதன் அடிப்படை. கடனை அனுமதிப்பது, கேஒய்சி விதிகள் பின்பற்றப்பட்டனவா என்று தீர்மானிப்பது, உள் தணிக்கை போன்றவற்றை வெளியே தரவே கூடாது. தந்த வேலைகளுக்கும் நிறுவனத்தின் போர்டும் மூத்த நிர்வாகமும்தான் பதில் சொல்ல வேண்டும். வெண்டரின் அலுவலகத்தில் நாமும் ரிசர்வ் வங்கியும் ஆய்வு செய்யும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இது ஏட்டளவில் நிற்கும் விதி இல்லை. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மாவட்டத்தில் மஹிந்திரா ஃபைனான்ஸின் டிராக்டர் கடன் வசூலின்போது ஒரு கர்ப்பிணிப் பெண் வண்டியில் அடிபட்டு இறந்தார். வசூலுக்குப் போனவர்கள் வெளி ஏஜென்சி ஆட்கள் என்று செய்திகள் வந்தன. சில நாட்களிலேயே, செப்டம்பர் 22 அன்று, வெளியாட்கள் மூலம் வசூலிப்பதையும் வண்டியைக் கைப்பற்றுவதையும் உடனே நிறுத்தும்படி மஹிந்திரா ஃபைனான்ஸுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில்தான் தடை விலகியது. நாட்டின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்றுக்கே இது. முப்பது கிளை நிறுவனத்தில் மூன்று மாதம் வெளி வசூல் நின்றால் வாராக்கடன் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டேட்டா பக்கமும் இதே கதைதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நம் சார்பில் டேட்டாவைக் கையாளும் வெண்டர் செய்யும் தவறுக்கும் நாம்தான் பொறுப்பு. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் டேட்டா கசிந்தால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம். இன்று கையெழுத்திடும் மூன்று வருட ஒப்பந்தம் அந்தக் கடமைகள் அமலில் இருக்கும் காலத்துக்குள் போய் விழும்.

நாமே சோதிப்பது

இதற்குச் செலவு அதிகம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. உண்மையில் இதன் முதல் பாதி கிட்டத்தட்ட இலவசம். பொதுவில் கிடைக்கும் பதிவுகளை ஒருவர் உட்கார்ந்து ஒரு நாள் பார்த்தால் போதும்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் டைரக்டர்கள் யார், கடைசியாக எந்த வருடத்து பேலன்ஸ் ஷீட் தாக்கல் ஆனது, சொத்துகள் மீது எந்த வங்கியின் சார்ஜ், அதாவது கடனுக்கான பிணைப் பதிவு, இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். சிறு கட்டணம் கட்டினால் பேலன்ஸ் ஷீட்டையே இறக்கிக்கொள்ளலாம். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா, எந்த மாதத்து ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலானது என்று வரிசையாக வரும். மாதா மாதம் இழுத்தடித்துத் தாக்கல் செய்கிறவரிடம் கையில் காசு ஓட்டம் சரியில்லை என்று ஊகிக்கலாம்.

நான் அதிகம் நம்புவது பிஎஃப் தளத்தை. அங்கே ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடினால் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்கு எவ்வளவு பணம் கட்டப்பட்டது என்று காட்டும். நூற்றிருபது வசூல் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஏஜென்சி பிரசென்டேஷன் காட்டுகிறது, பிஎஃப் பதினெட்டுப் பேருக்குத்தான் கட்டியிருக்கிறது என்றால், மிச்சப் பேர் யார்? சம்பளத்துக்கு ஓடுகிறார்களா, வசூலில் கமிஷனுக்கு ஓடுகிறார்களா? இன்னொரு சின்ன ஏஜென்சிக்கு வேலையைத் தள்ளிவிடுகிறார்களா? வேறு எந்தப் பதிவும் இவ்வளவு நல்ல கேள்வியை எழுப்புவதில்லை. எண்ணிக்கை பொருந்தாததற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். பிஎஃப் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கலாம், புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கலாம். அதை அவர்கள் வாயால் சொல்லக் கேட்க வேண்டும்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு வழக்குத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும். மாவட்டம் மாவட்டமாக, வருடம் வருடமாகத் தேட வேண்டும், பெயரின் எழுத்து ஒன்று மாறினாலும் வராது. ஆனால் செக் பவுன்ஸ் வழக்கு இரண்டு மூன்று வந்துவிட்டால் அந்தத் தேடலுக்குப் பலன் கிடைத்துவிட்டது. சிபில் வெளியிடும் வழக்குத் தொடுக்கப்பட்ட கடன்தாரர் பட்டியலில் கம்பெனியின் பெயரையும் டைரக்டர்களின் பெயரையும் தேடிவிடுவது ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. வெண்டர் கொடுக்கும் நகலை வைத்து எதையும் உறுதி செய்யக் கூடாது, மூலத்திடமே கேட்க வேண்டும். ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் 2020 ஜூனில் கவிழ்ந்தபோது, பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ அங்கே இல்லவே இல்லை என்று தெரிந்தது. அந்த வங்கிகள் தங்கள் பெயரில் காட்டப்பட்ட ஆவணங்கள் போலி என்றன. பெரிய ஆடிட் நிறுவனம் வருடக்கணக்கில் கையெழுத்துப் போட்ட கம்பெனி அது. நம் ஊர் வெண்டர் தரும் வங்கிக் கடிதத்தையும் காப்பீட்டு பாலிசியையும் அந்தந்த அலுவலகத்துக்கு மெயில் போட்டு உறுதி செய்துகொள்வதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இரண்டாம் பாதி, நேரில் போவது. இதற்குத்தான் ஆள் வேண்டும். கலெக்‌ஷன் ஏஜென்சி விஷயத்தில் முதலாளியின் அறையில் உட்கார்ந்து காபி குடிப்பது சோதனை இல்லை. காலையில் வசூல் ஆட்கள் கிளம்பும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஒருவரைக் கூப்பிட்டு, "வாடிக்கையாளருக்கு எத்தனை மணிக்குப் போன் பண்ணலாம் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். பொதுவான கடன்களுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு இன்னும் இறுக்கம், காலை 9 முதல் மாலை 6 வரைதான். இந்த வித்தியாசம் களத்தில் நிற்கும் பையனுக்குத் தெரிந்திருந்தால் அங்கே பயிற்சி நடக்கிறது. முதலாளிக்கு மட்டும் தெரிந்திருந்தால் நடக்கவில்லை.

மைக்ரோ ஃபைனான்ஸ் விதிகள் இன்னொன்றும் கேட்கின்றன. வசூல் ஆட்களின் பின்னணியை ஏஜென்சி சரிபார்க்க வேண்டும், அதில் போலீஸ் சரிபார்ப்பும் அடக்கம், எத்தனை காலத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபார்ப்பது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். மைக்ரோ ஃபைனான்ஸ் அல்லாத கடனுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் வாசலில் நிற்கும் ஆள் ஒருவர்தான். பட்டியலில் இருந்து நாமே சில பெயர்களைக் காட்டி, அவர்களுடைய போலீஸ் சரிபார்ப்புச் சான்றை அப்போதே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். "அனுப்பி வைக்கிறோம் சார்" என்ற பதில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் பலவீனமும் நிஜம்தான். நம் ஆளுக்கு வெண்டர் வேண்டியவராகிவிடலாம். வியாபாரப் பிரிவு "மாதக் கடைசிக்குள் வேண்டும்" என்று நெருக்கும்போது கொள்முதல் பிரிவில் இருக்கும் இளையவர் எதிர்த்து நிற்க மாட்டார். அதனால் வெண்டரைக் கொண்டுவந்தவரும் சோதிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. டைரக்டர், அதிகாரி அல்லது அவர்களது உறவினருக்கு வெண்டரில் பங்கு இருக்கிறதா என்ற கேள்வியை எழுத்தில் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும்.

டியூ டிலிஜன்ஸ் ஏஜென்சியிடம் அறிக்கை வாங்குவது

பணம் கட்டினால் சில நாட்களில் கனமான அறிக்கை வந்துவிடும். பல மாநில நீதிமன்றங்களின் வழக்குத் தரவு அவர்களிடம் தொகுப்பாக இருக்கும், ஒரே டைரக்டர் வேறு எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்ற வலைப்பின்னலை வரைந்து தருவார்கள். இந்த இரண்டிலும் நம்மைவிட அவர்கள் நிச்சயம் மேல். வெண்டர் வேறு மாநிலத்தில் இருந்தாலோ, முதலாளிகள் பழைய கம்பெனியை மூடிவிட்டுப் புதுப் பெயரில் வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தாலோ இந்தச் செலவு தகும்.

ஆனால் நேரடிப் பார்வையையும் இவர்களிடம் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்க்கப் போகிறவர் பெரும்பாலும் அந்த ஏஜென்சியின் ஊழியர்கூட இல்லை, அந்த ஊரில் இருக்கும் துணை ஒப்பந்தக்காரர். பெயர்ப் பலகையைப் படம் எடுப்பார், உள்ளே எத்தனை நாற்காலி என்று எழுதுவார். நம் கடன் புத்தகம் எப்படிப்பட்டது, நம் வாடிக்கையாளர் யார் என்று அவருக்குத் தெரியாது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். பொதுவில் கிடைத்த தகவலின் அடிப்படையில் தயாரித்தது, முடிவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். அவர்கள் நேர்மையாகத்தான் எழுதுகிறார்கள். அதைப் படிக்காமல் "ரிப்போர்ட் கிளியர்" என்று போர்டு குறிப்பில் எழுதுவதுதான் ஆபத்து.

சான்றிதழை ஏற்பது

மென்பொருள் வெண்டர் விஷயத்தில் இந்த வழியைத்தான் முதலில் வைப்பேன். சர்வர் அறையை எட்டிப் பார்த்து நமக்கு ஒன்றும் புரியப் போவதில்லை. இப்போது சர்வரும் அங்கே இருப்பதில்லை, கிளவுடில் இருக்கிறது. தகுதியுள்ள ஒரு தணிக்கையாளர் உள்ளே போய்ப் பார்த்து எழுதியது நம் கண்ணைவிட மேலானது, அவர் எழுதியதை நாம் முழுசாகப் படித்தால்.

ஐஎஸ்ஓ 27001 சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கோப் என்ற பத்தி. எந்த அலுவலகம், எந்தச் சேவை என்று அதில் இருக்கும். பெங்களூரு தலைமை அலுவலகத்துக்கு மட்டும் வாங்கியிருப்பார்கள், நம் டேட்டாவைத் திறந்து பார்க்கும் சப்போர்ட் டீம் வேறு ஊரில் இருக்கும். அப்படியானால் நமக்கு அந்தச் சான்றிதழால் உபயோகம் குறைவு. அடுத்தது பதிப்பு. 2013 பதிப்பிலிருந்து 2022 பதிப்புக்கு மாறும் கெடு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இன்னும் பழைய பதிப்பின் சான்றிதழைக் காட்டுகிறவரிடம் ஏன் என்று கேட்க வேண்டும். சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும், நடுவில் வருடந்தோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. அதன் அறிக்கையையும் கேளுங்கள்.

எஸ்ஓசி 2 அறிக்கையில் இரண்டு வகை உண்டு. டைப் 1 என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் ஏற்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்று சொல்லும். டைப் 2 என்பது சில மாதங்கள் தொடர்ந்து அவை வேலை செய்தனவா என்று சோதித்துச் சொல்லும். கடன் கணக்குகளை நடத்தப் போகிறவரிடம் டைப் 2 கேட்க வேண்டும். அதிலும் முன்பக்கத்து நற்கருத்தோடு நின்றுவிடக் கூடாது. நடுவில் ஒவ்வொரு சோதனைக்கும் என்ன முடிவு, எங்கே விலகல் என்று அட்டவணை இருக்கும். வேலையை விட்டுப் போனவர்களின் லாகின் உரிய காலத்தில் நீக்கப்படவில்லை என்று அங்கே ஒரு வரி கிடக்கும். அந்த வரிக்காகத்தான் முழு அறிக்கையையும் கேட்டு வாங்குகிறோம். இன்னொரு பகுதியும் இருக்கும். வாடிக்கையாளர் நிறுவனம், அதாவது நாம், செய்ய வேண்டிய கட்டுப்பாடுகளின் பட்டியல் அது. அதைச் செய்யாவிட்டால் அறிக்கை தரும் உறுதியை நாம் முழுசாக நம்ப முடியாது. இதைப் படிக்கும் நிறுவனங்கள் ரொம்பக் குறைவு.

அப்புறம், வெண்டருக்குப் பின்னால் இருக்கும் வெண்டர். 2024 ஜூலை இறுதியில் டிசிஎஸ்-ஸும் ஸ்டேட் பாங்கும் சேர்ந்து உருவாக்கிய வங்கி மென்பொருள் நிறுவனமான சி-எட்ஜ் மீது ரான்சம்வேர் தாக்குதல் (டேட்டாவைப் பூட்டி வைத்துப் பணம் கேட்பது) நடந்தது. அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளை, பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகளையும் கிராமிய வங்கிகளையும், பணப்பரிமாற்ற வலையமைப்பிலிருந்து துண்டிக்க வேண்டியதாயிற்று. அந்த வங்கிகளின் யுபிஐ நின்றது. கிளவுட்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, தாக்கியவர்கள் நுழைந்த இடம் சி-எட்ஜுடன் சேர்ந்து வேலை செய்த இன்னொரு சிறிய நிறுவனத்தின் சரியாக அமைக்கப்படாத சர்வர். அந்த முந்நூறு வங்கிகளில் எத்தனை பேருக்கு அந்தச் சிறிய நிறுவனத்தின் பெயர் அதற்கு முன் தெரிந்திருக்கும்? அதனால் எஸ்ஓசி அறிக்கையில் துணை ஒப்பந்தக்காரர்களைச் சேர்த்திருக்கிறார்களா, வெளியே ஒதுக்கியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். ஒதுக்கியிருந்தால் அவர்களின் பட்டியலைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஐடி சேவைகளை வெளியே ஒப்படைப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிகள் அந்த வருடம் அக்டோபரில் அமலுக்கு வந்தன. பேஸ் லேயர் நிறுவனங்களுக்கு அவை கட்டாயம் இல்லை. இருந்தாலும் அவற்றைச் சோதனைப் பட்டியலாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். சைபர் சம்பவம் நடந்தால் வெண்டர் தாமதமில்லாமல் நமக்குச் சொல்ல வேண்டும், ஒரே வெண்டரை அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கக் கூடாது, வெளியேறும் திட்டம் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் நிறுவனத்தின் அளவைப் பார்த்து மாறும் ஆபத்துகள் இல்லை. சைபர் சம்பவம் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று, இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விதித்த கெடு நமக்கும் உண்டு. வெண்டர் இரண்டு நாள் கழித்துச் சொன்னால் நாம் ஆறு மணி நேரத்தில் எதைத் தெரிவிப்பது?

சான்றிதழோடு கூட அனுப்பும் இருநூறு கேள்விப் படிவத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று நிரப்பி வரும். அதற்குப் பதில் பத்துக் கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேளுங்கள். கடைசியாக பேக்கப்பிலிருந்து டேட்டாவை மீட்டுப் பார்த்தது எப்போது, அந்தப் பதிவைக் காட்டுங்கள். செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளர் செய்த ஊடுருவல் சோதனை (ஹேக்கர் போல உள்ளே நுழைய முயன்று பார்ப்பது) எந்தத் தேதி, எந்த முகவரியில் ஓடும் எந்தப் பதிப்புக்கு? நாம் வாங்கப் போவது வேறு பதிப்பாக இருந்தால் அந்தச் சோதனையால் பயனில்லை.

"அவங்களே வெச்சிருக்காங்க"

ஃபைனான்ஸ்காரர்கள் சந்திக்கும் இடங்களில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. சுலபமான வழி, காசும் ஆகாது. வரன் பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலத்தான், விசாரிக்கும் வீட்டைப் பொறுத்து பதில் மாறும். வெண்டர் கொடுக்கும் மூன்று போன் நம்பர்களில் திருப்தியானவர்கள்தான் இருப்பார்கள். பெரிய வங்கி ஒன்று வைத்திருக்கிறது என்றால், அந்த வங்கிக்கு வெண்டர் அனுப்பும் ஆட்களும் நமக்கு அனுப்பும் ஆட்களும் ஒன்றில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேட்கத்தக்கவர் அந்த வெண்டரை விட்டு விலகியவர். விலகும்போது டேட்டாவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திருப்பிக் கொடுத்தார்கள் என்ற ஒரு கேள்வி போதும். முடிவுக்கு ஆதாரமாக இந்த வழியை ஏற்க மாட்டேன், ஆனால் சோதனையை எங்கே தொடங்குவது என்று இது காட்டிவிடும்.

கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பது

இதை ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சோதனை ஓட்டம் என்பது சோதனைக்கு மாற்று இல்லை. ஒரு கிளையின் ஐம்பது கணக்கை மட்டும் ஏஜென்சியிடம் கொடுத்தாலும் அந்த ஐம்பது பேரும் நிஜ மனிதர்கள். அவர்கள் வாசலில் ஏதாவது நடந்தால் "பைலட்தான் சார்" என்று ரிசர்வ் வங்கியிடம் சொல்ல முடியாது. அதனால் பின்னணிச் சோதனை முடிந்து, ஒப்பந்தமும் ரகசியக் காப்பு உறுதியும் கையெழுத்தான பிறகுதான் முதல் கணக்கு கை மாற வேண்டும். ஓடும் காலத்தில் வசூல் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், நம் ஊழியர் ஒருவர் அந்த வாடிக்கையாளர்களில் சிலரை நேரில் பார்த்து, "எப்படிப் பேசினார்கள்?" என்று கேட்க வேண்டும். வசூல் திடீரென்று எகிறியிருந்தால் இன்னும் அவசியம் கேட்க வேண்டும்.

மென்பொருளுக்கு, போலி டேட்டாவை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பழைய மென்பொருளையும் புதியதையும் சேர்த்து ஒரு காலாண்டு முடிவைத் தாண்டும்வரை இணையாக ஓட்டுவது நல்லது. வட்டிக் கணக்கு, பகுதித் தொகை வரவு, வாராக்கடன் வகைப்பாடு எல்லாம் மாதக் கடைசியில்தான் பல்லைக் காட்டும்.

நம் மூன்று வெண்டர்கள்

கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் பட்ஜெட்டில் பெரும்பகுதி நம் ஆள், நம் பயணம். பொதுப் பதிவுத் தேடலை நாமே செய்யலாம். ஏஜென்சி இயங்கும் ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கிளை மேலாளர் அல்லாத ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், கிளை மேலாளருக்கு வசூல் இலக்கு இருப்பதால். வெளி அறிக்கையை டைரக்டர்களின் வழக்குப் பின்னணிக்கு மட்டும் வாங்கினால் போதும்.

மென்பொருளுக்கு நேர்மாறு. பயணத்தைக் குறைத்து, எஸ்ஓசி அறிக்கையையும் ஊடுருவல் சோதனை அறிக்கையையும் படித்துச் சொல்ல வெளியிலிருந்து ஒரு தகவல் பாதுகாப்புத் தணிக்கையாளரைச் சில நாட்களுக்கு அமர்த்துவது நல்ல செலவு. நம் ஐடி ஆளே அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவராக இருந்தால் கட்டாயம் வெளியாள் வேண்டும். வெண்டர் சின்னக் கம்பெனியாக இருந்தால் பேலன்ஸ் ஷீட்டையும் கவனமாகப் பார்க்க வேண்டும். மூடிவிட்டுப் போனால் நம் கடன் புத்தகம் அவர்களிடம் மாட்டிக்கொள்ளும், அதனால் சோர்ஸ் கோடை (மென்பொருளின் மூல நிரலை) மூன்றாவது தரப்பிடம் எஸ்க்ரோவில், அதாவது நிபந்தனையோடு ஒப்படைத்து, வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஆவணக் கிடங்கை எல்லாரும் சாதாரணமாக நினைக்கிறார்கள், காகிதம் வைக்கும் இடம்தானே என்று. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவு அந்த நினைப்பை மாற்ற வேண்டும். கடனை முழுதாகக் கட்டி முடித்த 30 நாட்களுக்குள் அசல் சொத்து ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், நம் பக்கத்துத் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. ஆவணம் தொலைந்தாலோ சேதமானாலோ நகல் எடுக்கும் செலவும் நம்முடையது. அதனால் இங்கே சான்றிதழைவிட நேரில் போவதே மேல். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று எந்தத் தேதி வரை, மழைநீர் எந்த மட்டம் வரை ஏறும் இடம், பெட்டிகள் தரையிலேயே கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சென்னையைச் சுற்றித் தாழ்வான பகுதியில் இருக்கும் கிடங்கு என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேட்கலாம். நம் ஃபைல்களில் நூறை முதலில் கொடுத்து, வெவ்வேறு நாட்களில் பத்தைத் திருப்பிக் கேட்டு, எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்பலாம்.

கூரியர், ஸ்டேஷனரி, கிளைக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் இவர்களுக்கெல்லாம் ஜிஎஸ்டியும் வங்கிக் கணக்கும் சரிபார்த்தால் போதும். செக் புத்தகமும் கடன் ஒப்பந்தமும் கூரியரில் போகிறதென்றால் மட்டும் அவரை மேலே உள்ள வரிசையில் சேருங்கள்.

இவ்வளவையும் பார்க்க ஆளே இல்லை, ஒரே ஒரு புது நியமனத்துக்குத்தான் பட்ஜெட் என்றால், வெளி அறிக்கைகளுக்கான வருடச் சந்தாவை நிறுத்திவிட்டு அந்த ஆளை எடுக்கச் சொல்வேன். வசூல் களத்தில் சில வருடம் நின்றவராக, பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். அவர் வியாபாரப் பிரிவுக்குக் கீழே வராமல் நேரடியாக ரிஸ்க் கமிட்டியிடம் அறிக்கை தர வேண்டும். "இந்த வெண்டர் வேண்டாம்" என்று அவர் எழுதினால், அதை மீறி எடுக்கிறவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற விதியை அவர் வேலைக்குச் சேரும் முன்பே போர்டில் நிறைவேற்றிவிடுங்கள்.